திருப்பி வைத்த சீட்டு

ஜூடி டாரட் என்னும் படச் சீட்டை எடுத்துப் பலன் சொல்பவள். இதை யாராவது எடுத்துச் சொன்னாலே அவள் அம்மா அன்னமேரிக்கு முகம் கோணிக்கொள்ளும். அமிர்தி அடிவாரத்தில், ஞாயிறு பூசைக்குத் தவறாத வீட்டில் பிறந்த பெண், கல்யாணமாகி மலையேறியதும் குறி சொல்லக் கிளம்பிவிட்டாள் என்றால் எந்தத் தாய்க்குத்தான் பொறுக்கும்? ஜூடியோ இது குறி இல்லை, மனசுக்கு ஆறுதல், கவுன்சலிங் மாதிரி ஒன்று என்று எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி, கடைசியில் தானே அதை நம்பியும் விட்டாள்.

அவள் புருஷன் லியோ திருப்பத்தூருக்கும் புதூர்நாட்டுக்கும் ஷேர் ஜீப் ஓட்டுகிறான். புதூர்நாட்டில் ஸ்டீவ் என்பவர் நடத்தும் விடுதியில், சாப்பாட்டுக் கூடத்தின் மூலையில் ஜூடிக்கு ஒரு மேசை உண்டு. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் சனி, ஞாயிறில் வருகிறவர்கள் சாமைச் சோறும் கோழிக்குழம்பும் சாப்பிட்டு, மலையை நாலு பக்கமும் படம் பிடித்து முடித்ததும், அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் முழிப்பார்கள். அந்த நேரம் பார்த்து ஜூடி மேசையில் ஊதாத் துணியை விரிப்பாள். வேலையை விடலாமா, அவன் மறுபடி பேசுவானா, விசா வருமா என்று கேட்பார்கள். ஜூடி நல்லதாகச் சொல்வாள். அவர்களும் சிரித்த முகத்தோடு எழுந்து போவார்கள்.

இந்தத் தொழிலில் ஓயாத சண்டை ஒன்று இருக்கிறது. சீட்டு தலைகீழாக வந்தால் என்ன செய்வது? ஜூடி இருக்கும் வாட்ஸப் குழுவில் மாதம் ஒருமுறையாவது இதற்கு அடித்துக்கொள்வார்கள். தலைகீழுக்கென்று தனி அர்த்தம் உண்டு, அதை விட்டுவிட்டுப் பார்ப்பது பாதி வாயை மூடிக்கொண்டு பேசுவது மாதிரி என்று ஒரு கட்சி. நேராக வரும் சீட்டுகளிலேயே வேண்டிய அளவு கெட்டதும் நல்லதும் இருக்கிறது, எதற்கு இந்தக் கூடுதல் பயமுறுத்தல் என்று இன்னொரு கட்சி. ஜூடி இரண்டாவது கட்சி. ஏற்கெனவே பயந்து வந்திருப்பவர்களை மேலும் பயமுறுத்தி என்ன சாதிக்கப்போகிறோம் என்று அவள் ஒரு தடவை எழுதியதற்கு ஏகப்பட்ட பேர் இதயம் போட்டார்கள். அன்றைக்கு முழுக்க அவள் கால் தரையில் பாவவில்லை.

அவளுக்குச் சொல்லிக்கொடுத்த கோயம்புத்தூர் டீச்சர் இரண்டு கட்சியிலும் இல்லை. தலைகீழ் வேண்டும் என்றாலும் சரி, வேண்டாம் என்றாலும் சரி, சீட்டைக் கலைப்பதற்கு முன்னால் முடிவு செய், எதிரில் இருப்பவரிடம் அதைச் சொல்லிவிடு, நடுவில் மட்டும் கை வைக்காதே என்பார் அவர். செய்யக்கூடாத அந்த ஒன்றைத்தான் ஜூடி செய்துகொண்டிருந்தாள். வருகிறவர்களே சீட்டை மேசையில் பரப்பிக் கலைக்க ஆசைப்படுவார்கள். அப்படிக் கலைத்தால் பாதி தலைகீழாகத்தான் போகும். எடுக்கும் சீட்டைப் பிரட்டும்போதே, அது தலைகீழாக வந்திருந்தால், மணிக்கட்டை லேசாகச் சுழற்றி நேராக வைத்துவிடுவாள். செய்து செய்து கைக்கு அது படிந்துபோயிருந்தது. குழுவில் இதை அவள் எழுதியதில்லை. எழுதுகிற மாதிரியான விஷயமும் இல்லை.

விடுதிச் சமையல் ரேணுகாதேவியின் பொறுப்பு. மலைக்காரி. ஒன்றரை ஏக்கர் மேட்டு நிலம், இரண்டு புளியமரம், ஒரே மகள் புவனா. புருஷன் ஜீவானந்தம் வருஷத்தில் பாதி நாள் குடகில் காப்பித் தோட்ட வேலைக்குப் போய்விடுவான். ஜூடிக்கு மலையில் கிடைத்த ஒரே சிநேகிதி ரேணுகாதான். வந்த புதிதில் குளிர் ஒத்துக்கொள்ளாமல் காய்ச்சலில் படுத்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவள். அவளை ஜூடி 'ரேணுக்கா' என்பாள். அவள் இவளை 'ஜூடிம்மா' என்பாள்.

புவனா பிளஸ் டூ முடித்து, வேலூரில் நர்சிங் படிக்க இடம் கிடைத்துவிட்டது. செய்தி லியோவின் ஜீப்பில்தான் மலையேறியது. அதனால் வீடு வந்து சேர்வதற்குள் வழியிலுள்ள ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. ஜூடிக்குத் தன் தங்கைக்கே கிடைத்த மாதிரி சந்தோஷம். விண்ணப்பத்தைத் தன் போனிலேயே நிரப்பி அனுப்பியவள் அவள்தானே. ரேணுகாவுக்கு மட்டும் பயம். புவனா அதுவரை புதூர்நாட்டு உண்டு உறைவிடப் பள்ளியைத் தாண்டிப் போனதில்லை. ஜீவானந்தத்தைப் போனில் கேட்டால், உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டுக் காப்பிச் செடிக்குள் போய்விட்டான்.

இந்த மாதிரி முடிவெடுக்க முடியாத காரியத்துக்கு அவர்கள் ஊரில் அம்மனிடம் பூ கேட்பார்கள். ஆனால் பூசாரி வீட்டில் சாவு விழுந்து, தீட்டென்று, அறுப்பு முடியும்வரை கோயில் நடை சாத்தியிருந்தது. கல்லூரியில் சேரும் கடைசித் தேதியோ நெருங்கிக்கொண்டிருந்தது. ஆக, கும்பிடுகிற சாமி கதவைச் சாத்திக்கொண்டதால் ரேணுகா ஜூடியிடம் வந்தாள்.

வார நாள், விடுதியில் ஆளே இல்லை. ரேணுகா தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலை முடிந்து, பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் வந்து நின்றாள். ஜூடிக்குச் சிரிப்பு வந்தது. இதுக்கெல்லாம் எதுக்குக்கா விரதம் என்று கேலி செய்துகொண்டே துணியை விரித்தாள். சீட்டுகளைக் கலைக்கச் சொன்னதும் ரேணுகா இரண்டு கையாலும் மேசை முழுக்கப் பரப்பி, கண்ணை மூடிக்கொண்டு கலைத்தாள்.

"ஒன்னே ஒன்னு எடு, ஜூடிம்மா. அவ கீழ போனா நல்லா இருப்பாளா, மாட்டாளா? அத்த மட்டும் சொல்லு."

ஜூடி எடுத்தாள். சூரியன். சூரியகாந்திப் பூக்களுக்கு முன்னால் வெள்ளைக் குதிரை மேல் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் குழந்தை. சீட்டு தலைகீழாக வந்திருந்ததால் குழந்தை குதிரையிலிருந்து தலைகுப்புற விழுகிற மாதிரி இருந்தது. தலைகீழ்ச் சூரியனுக்கு அப்படியொன்றும் பெரிய கேடு கிடையாது. சந்தோஷம் உண்டு, கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். ஆனால் அந்தக் 'கொஞ்சம் தாமதம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு ரேணுகா பின்வாங்கிவிட்டால்? ஜூடிக்கு அந்தப் பெண் படித்தாக வேண்டும். மணிக்கட்டு தானாகச் சுழன்றது. குழந்தை நிமிர்ந்து உட்கார்ந்தது.

"சூரியன்க்கா. இத்த விட நல்ல சீட்டே கிடையாது. கண்ண மூடிக்கினு அனுப்பு" என்றாள் ஜூடி.

ரேணுகா சீட்டைப் பார்த்தாள். ஜூடியின் கையைப் பார்த்தாள். சரி என்று ஒரு சொல் சொல்லிவிட்டு எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள். ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியில் ஜூடி சீட்டுகளை அடுக்கினாள்.

ரேணுகா மகளை அனுப்பவில்லை.

தேதி தாண்டியது, இடம் வேறு யாருக்கோ போனது. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்: "வூட்டுக்கு ஆளு வேணும்." புவனா அழுதாள், சாப்பிடாமல் கிடந்தாள், பிறகு அம்மாவிடம் பேசுவதையே நிறுத்திவிட்டாள். தண்ணீர் வேண்டுமென்றால் சொம்பை எடுத்து நங்கென்று வைப்பாளாம். இதையெல்லாம் கேட்கக் கேட்க ஜூடிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவ்வளவு நல்ல சீட்டைச் சொல்லியும் கேட்காத இவள் என்ன ஜென்மம்?

அந்த எரிச்சல் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெடித்தது. விடுதி நிறைய ஆட்கள். பரிமாற ஒத்தாசைக்குப் புவனாவும் வந்திருந்தாள். ரேணுகா குழம்புப் பாத்திரத்தை இறக்கிக்கொண்டிருக்கும்போது ஜூடி சமையலறை வாசலில் நின்று ஆரம்பித்தாள். மகள் தலையில் மண்ணை வாரிப் போட்டுவிட்டாய், அவள் உன்னைவிட மேலே போய்விடுவாள் என்று உனக்கு வயிற்றெரிச்சல், நீயெல்லாம் படித்திருந்தால்தானே படிப்பின் அருமை தெரியும் என்று என்னென்னவோ பேசினாள். கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கடைசியாக, "நீயெல்லாம் ஒரு தாயாக்கா?" என்றும் கேட்டாள். ரேணுகா பாத்திரத்தின் விளிம்பில் வழிந்த குழம்பைத் துணியால் துடைத்தாள். புவனா சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதோடும் ஜூடி நிறுத்தவில்லை. பின்னால் வந்த விருந்தாளிகளிடம், எங்க மலையில் இப்படியும் அம்மாக்கள் இருக்கிறார்கள் என்று கதை சொல்ல ஆரம்பித்தாள். அவர்களும் த்சொ த்சொ என்று ரேணுகா சமைத்த சோற்றையே சாப்பிட்டுக்கொண்டு கேட்டார்கள்.

சாமை அறுப்பு முடிந்த சமயத்தில் அம்மன் கோயில் நடை திறந்தது. விருந்தாளிகள் சிலர் பார்க்க ஆசைப்பட்டார்கள் என்று ஜூடி அவர்களைக் கூட்டிக்கொண்டு போனாள். சுற்றிலும் கல் நட்ட கோயில், கூரைகூடப் பாதிதான். பூ கேட்க ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அம்மனின் இரண்டு தோளிலும் ஈரப் பூவை ஒட்டிவைத்துவிட்டுப் பூசாரி விலகி நிற்பார். வலது பூ முதலில் விழுந்தால் செய்யலாம், இடது விழுந்தால் கூடாது. விழுகிற வரைக்கும் ஒருவரும் மூச்சுவிடுவதில்லை. ஜூடி ஒதுங்கி, ரேணுகாவின் பக்கத்தில் நின்றாள். சண்டைக்குப் பிறகு இருவரும் வேலை விஷயம் தவிரப் பேசிக்கொள்ளவில்லை; ஆனாலும் கூட்டத்தில் நிற்கத் தெரிந்த இடம் ஜூடிக்கு அது ஒன்றுதான்.

ரங்கன் என்பவர் கிணறு வெட்டக் கேட்டிருந்தார். பூ விழ நேரமாயிற்று. விளக்குத் திரியைத் தூண்டப் போன பூசாரியின் கை பட்டு இடது தோள் பூ நழுவியது. அவர் சட்டென்று அதைப் பிடித்து மறுபடி ஒட்டிவைத்தார். ரங்கன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தேங்காயும் தட்டும் இருந்த இடத்திலேயே இருக்க, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

மறுபடியும்தான் வைத்துவிட்டாரே, ஏன் போகிறார் என்று ஜூடி ரேணுகாவிடம் கேட்டாள்.

ரேணுகா அம்மனைப் பார்த்தபடியே சொன்னாள். "கை பட்டுட்டா அவ்ளோதான். வந்தது வேற, வச்சது வேறன்னு ஆயிடுது இல்ல? வாயால சொல்ல முடியாத கெட்டது எதையோ மறைக்கிறாங்கன்னு அர்த்தம். அதுக்கு மேல கேக்கவும் கூடாது, அந்தக் காரியத்துக்குப் போவவும் கூடாது. போனா உசுரு தங்காது."

ஜூடிக்கு முதலில் ஒன்றும் உறைக்கவில்லை. விருந்தாளி ஒருவர் படம் எடுக்கலாமா என்று கேட்க, கூடாது என்று சொல்லக்கூடச் செய்தாள். பிறகுதான் தன் கை சீட்டைத் திருப்பியதை நினைத்துப் பார்த்தாள். குளித்துவிட்டு, பட்டினியாக வந்து நின்ற ரேணுகா நினைவுக்கு வந்தாள். அந்தச் சரி என்ற ஒற்றைச் சொல்லும்.

கூட்டத்தை விட்டு இருவரும் புளியமரத்தடிக்கு வந்ததும் ஜூடி கேட்டாள். கேட்காமல் இருந்துவிடலாம் என்றும் ஒரு கணம் தோன்றியது.

"ரேணுக்கா, அன்னிக்கி நான் சீட்டைத் திருப்பி வச்சத நீ பார்த்தியா?"

"பார்த்தேன்."

"ஏன்க்கா ஒரு வார்த்தை கேக்கல?"

"இன்னான்னு கேக்கறது? எம் புள்ளைக்கு ஆவாததா வந்திச்சி. அத்த எங்கிட்ட சொல்ல உனுக்கு மனசு வரல. பாசத்துலதான மறைச்ச? ஊர்ல சொன்னா நீ பொய் சொன்னன்னு பேசுவாங்க. உன் பேரு கெட்டுப்பூடும். அதான் வூட்டுக்கு ஆளு வேணும்னு சொல்லிட்டேன்."

அவள் இதைக் குற்றம் சொல்கிற குரலில் சொல்லவில்லை. உலையில் அரிசி போட்டாயிற்று என்கிற மாதிரிச் சொன்னாள். ஜூடிக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. நீயெல்லாம் ஒரு தாயா என்று கூடம் நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு கேட்டபோது, ஒரே ஒரு வார்த்தையில் ரேணுகா ஜூடியின் வாயை அடைத்திருக்கலாம். அடைக்கவில்லை. பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள். மகளின் வெறுப்பை ஜூடிக்காக முழுக்கத் தன் தலையில் வாங்கிக்கொண்டு நின்றாள்.

"குழந்த தலகுப்புற விழுந்திச்சே அந்தப் படத்துல," என்று ரேணுகாவே மெல்லக் கேட்டாள். "செத்துடுவான்னு தான வந்திச்சி? இப்பவாவது சொல்லு. எனுக்கு அது நெஞ்சிலயே கெடக்குது."

ஜூடி சொல்லத்தான் வேண்டியிருந்தது. "இல்லக்கா. அதெல்லாம் இல்ல. நல்லா இருப்பா, கொஞ்சம் லேட்டாவும். அப்படித்தான் வந்திச்சி."

ரேணுகா அவள் பக்கம் திரும்பினாள்.

"அவ்ளோதானா?"

ஜூடி தலையசைத்தாள். ரேணுகா புளியமரத்து வேரில் உட்கார்ந்துவிட்டாள். கோபப்படுவாள், கையை ஓங்குவாள் என்றுகூட ஜூடி எதிர்பார்த்தாள். அப்படிச் செய்தால் தேவலை போலிருந்தது. அவளோ முகத்தைத் துடைத்துக்கொண்டு, புவனாவிடம் இதை எதையும் சொல்லவேண்டாம் என்றாள். அவள் என்னைத் திட்டிப் பழகிவிட்டாள், உன்னைத் திட்ட ஆரம்பித்தால் ஊர் முழுக்கப் போகும், உன் பிழைப்பு போய்விடும் என்றாள். அப்போதும் ஜூடியின் பிழைப்பைத்தான் யோசித்தாள்.

நல்லவேளை என்று ஜூடிக்குத் தோன்றியது. அதுதான் அவமானத்திலெல்லாம் பெரிய அவமானம். நெஞ்சில் ஒரு பக்கம் வெட்கம் பிடுங்கித் தின்ன, இன்னொரு பக்கம், அப்பாடா, யாருக்கும் தெரியப்போவதில்லை என்று ஒரு நிம்மதி வந்து உட்கார்ந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் அதைவிடக் கேவலமாக இன்னொன்றும் தோன்றியது: தாமதமாகும் என்று சீட்டு சொன்னது, தாமதமாகிவிட்டது, பார், பலித்துவிட்டதே. தொழில்காரியின் மனசு அந்த நேரத்திலும் பெருமைப்படப் பார்த்தது. ஜூடி நடு ரோட்டில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள். எதிரே வந்த பால்காரர், என்னம்மா மறந்துட்டீங்க என்று கேட்டுவிட்டுப் போனார்.

லியோவிடம் சொல்லவில்லை. அவளால் சொல்ல முடியவில்லை. அமிர்திக்குப் போய் அம்மா வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரலாமா என்று யோசித்தாள். அம்மா, பங்குச் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யச் சொல்வாள். சாமியாரிடம் சொல்வது எளிதுதான். திரைக்கு அந்தப் பக்கம் முகம் தெரியாது. ஆனால் சாமியாரின் படிப்பா கெட்டுப்போயிற்று?

சனிக்கிழமை வந்தது. மேசையை விரித்தாள். புதிதாகக் கல்யாணமான பெண் ஒருத்தி, கணவனுக்கு வெளிநாட்டு வேலை கிடைக்குமா என்று கேட்டாள். சீட்டைப் பிரட்டியபோது தலைகீழாக வந்தது. மணிக்கட்டு பழக்கத்தில் சுழலப் போனது. ஜூடி அப்படியே நிறுத்தினாள். நேராகவும் வைக்க முடியவில்லை, தலைகீழாகவும் வைக்க முடியவில்லை. சீட்டு கையிலேயே இருந்தது. ஏதாவது கெட்டதா என்று அந்தப் பெண் முகம் வெளுத்துக் கேட்டாள். உடம்பு சரியில்லை என்று சொல்லி ஜூடி எல்லாவற்றையும் வாரித் துணியில் கட்டினாள். போகும்போது சமையலறை வாசலைக் கடக்க வேண்டியிருந்தது. உள்ளே ரேணுகா இல்லை; விறகுக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். அதுவும் ஒரு விதத்தில் நல்லதாயிற்று. இருந்திருந்தால் புவனாவிடம் போகாதே என்று தடுத்திருப்பாள்.

புவனா வீட்டு வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். வாங்கக்கா என்று முறத்தை நிறுத்தாமலேயே சொன்னாள். அம்மாவைத் திட்டிய நாளிலிருந்து இந்தப் பெண்ணுக்கு ஜூடி என்றால் தனி மரியாதை. அந்த மரியாதை ஜூடியை முள்ளாகக் குத்தியது. உட்காரச் சொன்னதற்கு உட்காராமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். சீட்டு தலைகீழாக வந்தது, தான் அதைத் திருப்பியது, அதற்கு அம்மா எடுத்துக்கொண்ட அர்த்தம், உண்மையான அர்த்தம், அம்மா ஏன் வாயைத் திறக்கவில்லை என்பது. நல்ல எண்ணத்தில்தான் செய்தேன் என்று ஒரு வாக்கியம் தொண்டை வரைக்கும் வந்தது. அதை மட்டும் விழுங்கிக்கொண்டாள்.

முறம் நடுவிலேயே நின்றிருந்தது. அடுத்த வருஷம் மறுபடி விண்ணப்பிக்கலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும் நானே கூட வருகிறேன் என்றாள் ஜூடி. புவனா அதைக் காதில் வாங்கினதாகவே தெரியவில்லை.

"எங்கம்மாவுக்கு இதெல்லாம் தெரியுமா? நான் பேசாம இருந்தப்பவும்?"

"நான் திருப்பி வச்சது அப்பவே தெரியும். மீதி பின்னாடிதான் தெரிஞ்சிது. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க."

மேட்டுப் பாதையில் ரேணுகா விறகுக் கட்டோடு வந்துகொண்டிருந்தாள். வாசலில் இருவரும் நிற்பதைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டிருக்க வேண்டும், நடை தயங்கியது. தப்பு செய்துவிட்டு மாட்டிக்கொண்டவளைப் போல அவள்தான் தலையைக் குனிந்தாள்.

புவனா எழுந்து போனாள். அம்மாவின் எதிரே நின்று, "குடும்மா" என்றாள். மாதக்கணக்கில் பேசாமல் இருந்தவள் பேசிய முதல் வார்த்தை அது. கட்டை வாங்கித் தன் தலையில் ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தாள். ஜூடி வழியை விட்டு ஒதுங்கி நின்றாள். திட்டட்டும், எவ்வளவு வேண்டுமானாலும் திட்டட்டும் என்று காத்திருந்தாள்.

புவனா அவளைக் கடக்கும்போது நின்றாள். சுமை இருந்ததால் முகம் தெரியவில்லை.

"அன்னிக்கி நீங்க எங்கம்மாவ அத்தினி பேருக்கு முன்னாடி திட்டினப்ப," என்றாள், "எனக்கு நல்லா இருந்திச்சிக்கா."

பின்னால் வந்த ரேணுகாவின் காதிலும் அது விழுந்தது. மூவரில் ஒருவரும் மற்றவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.